ஒரு குகைக்கு ஒரு கார்ஸைடு

போன மாதம் மலைக்குள் ரயிலுக்கு இரண்டாவது குகையைத் திறந்தார்கள். மான்செஸ்டரிலிருந்து வரும் வண்டிக்கு ஒரு குகை, ஷெஃபீல்டிலிருந்து வரும் வண்டிக்கு ஒரு குகை என்று ஆகிவிட்டது. திறப்பு விருந்தில் ஒரு பஞ்சாலை முதலாளி எழுந்து பழைய கதை ஒன்றைச் சொன்னார். மத்தியானம் குடித்துவிட்டுத் தண்டவாளத்தில் விழுந்த ஆமோஸ் கார்ஸைடு, தேநீர் வேளைக்குள் தெளிந்து எழுந்து அதே வண்டியைக் குகைக்குள் கூட்டிக்கொண்டு போன கதை. எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் என் முதுகில் தட்டினார். ஏனென்றால் அந்த ஆமோஸ் நான்தான் என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் நம்புகிறது.

நான் ஆமோஸ் அல்ல. என் பெயர் டைட்டஸ். ஆமோஸ் என்னைவிடக் கால் மணி நேரம் மூத்தவன். ஒரே வயிற்றில், ஒரே முகத்தோடு பிறந்தவன். அவன் வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. சபையில் உறுதிமொழி எடுத்து அதைக் காப்பாற்றியவன். அன்றைக்கு நடந்தது இதுதான்.

வெளியே இரண்டு தண்டவாளம் இருந்தாலும் முதலில் கட்டிய குகைக்குள் ஒன்றுதான். மூன்று மைல் நீளம். இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டி வரும்; உள்ளே ஒதுங்க இடமில்லை. அதனால் ஒரு விதி வைத்தார்கள். இடது கையில் சிவப்புக் கைப்பட்டை கட்டிய ஒரே ஒரு ஆள். அவன் எஞ்சினில் ஏறாமல் எந்த வண்டியும் உள்ளே போகக் கூடாது. அவன் மேற்கு வாயிலில் நின்றால் மேற்கே காத்திருக்கும் வண்டி போகலாம். அவன் கிழக்கு வாயிலில் இருந்தால், மேற்கே ராஜாவே வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டும். சீட்டு கிடையாது, மணி கிடையாது, வாயிலில் வேறு காவல் கிடையாது. ஒரு மனிதன் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதுதான் அந்தப் பாதையின் பாதுகாப்பு முழுவதும். அந்த மனிதனைக் குகைக்காரர் என்று சொல்வார்கள்.

முதல் குகைக்காரர் என் அப்பா ஈனாக் கார்ஸைடு. அந்தக் குகையைத் தோண்டியவர்களில் ஒருவர். ஊற்று உடைத்துக்கொண்டு உள்ளே தண்ணீர் பாய்ந்த அன்று எல்லாரும் வெளியே ஓட, அவர் மட்டும் முன்னால் போய் சாரம் சரியாமல் முட்டுக் கொடுத்தார். ஏழு பேர் அதனால் பிழைத்தார்கள். பிறகு ஒரு வெடி முந்திக்கொண்டதில் ஒரு கண் போயிற்று, மற்றதில் பாதி போயிற்று. மேற்கு வாயிலில் கல் வீடும் கைப்பட்டையும் அவருக்குக் கிடைத்தது அப்படித்தான். "கார்ஸைடு பின்னால போனதில்ல" என்பார். அதை எங்கள் வீட்டில் ஜெபம் போலச் சொல்வோம். பார்வை மேலும் மங்கியபோது பட்டையை ஆமோஸுக்குக் கொடுத்தார்கள். அப்பா தன் பழைய பட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது வேதப்புத்தகத்துக்கு மேலே ஆணியில் தொங்கியது.

எனக்கு அந்தக் குகை ஆகாது. சிறுவயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது விளக்கு அணைந்துபோய் உள்ளே மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து இருட்டு என் தொண்டையைப் பிடிக்கும். அதனால்தான் ஷெஃபீல்டுக்குப் போய் அரம் வெட்டும் தொழில் கற்றேன். வெளிச்சமான பட்டறை, பெரிய ஜன்னல். பயிற்சிக் காலம் முடிந்து, அந்தச் சனிக்கிழமை பட்டறையில் எனக்கென்று ஒரு வேலைப் பலகை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். டோர்க்கஸ் என்ற பெண்ணோடு என் பெயரைக் கல்யாண அறிவிப்பாகத் தேவாலயத்தில் இரண்டு ஞாயிறு வாசித்திருந்தார்கள். மூன்றாம் ஞாயிறு பாக்கி. அம்மாவின் போர்வைகளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று செவ்வாய்க்கிழமை ஊருக்கு வந்தேன். வரும்போது பெட்டியில் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வந்தேன்.

வீட்டில் ஆமோஸ் நெருப்பாய்க் கிடந்தான். குகைப் புகை அவன் நெஞ்சில் ஏறி ஒரு வருடமாக இருமல். இப்போது காய்ச்சல். என்னைப் பார்த்தான்; அடையாளம் தெரியவில்லை. விடிந்ததும் அப்பா அவன் கையிலிருந்து பட்டையை அவிழ்த்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஒரு நாள்தான்" என்றார்.

"அப்பா, மான்செஸ்டருக்குச் சொல்லி அனுப்புங்க. வேற ஆள் வரட்டும்."

"வேற ஆளா? இன்னைக்கு வேற ஆள் எஞ்சின்ல ஏறினா, நாளைக்கு அவன் பெண்டாட்டி இந்த அடுப்புல கஞ்சி காய்ச்சுவா. உன் அண்ணன வெளிய மழையில போட்டு வைக்கவா?"

"எனக்கு அந்தக் குகை முடியாதுப்பா. உங்களுக்குத் தெரியும்."

"கண்ண மூடிக்கிட்டு நில்லு. எனக்கு இருக்கிற கண்ணு திறந்துதான் இருக்கு, எனக்கும் உள்ள ஒண்ணும் தெரியல. எஞ்சின் ஓட்டுறது அவங்க வேலை. நிக்கிறதுதான் உன் வேலை." பட்டையை என் கையில் சுற்றி முடிச்சுப் போட்டார். "பேரு கேட்டா கார்ஸைடுன்னு சொல்லு. டைட்டஸ்ங்கிற பேரை இன்னைக்கு உன் வாயால சொல்லக் கூடாது. எனக்கு வாக்குக் கொடு."

கொடுத்தேன். ஒரு நாள் என்றாரே.

காலை முழுவதும் அப்படியே போனது. உள்ளே போவது, வெளியே வருவது. மேலே இருந்து கருப்புத் தண்ணீர் சொட்டும். சுவர் காதோரம் உரசிக்கொண்டு ஓடும். எஞ்சின் விட்ட புகை கூரையில் முட்டி நம் தலைக்கே திரும்பி இறங்கும்; ஈரத் துணியை வாயில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தூரத்தில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்து அது கட்டைவிரல் அளவாகும் வரைக்கும் நான் மூச்சு விட்டதாக நினைவில்லை. டிரைவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "என்ன ஆமோஸ், இன்னைக்கு இருமலக் காணோம்?" என்று ஒருவர் கேட்டார். சளிக்குக் கஷாயம் குடித்ததாகச் சொன்னேன்.

மத்தியானத்துக்கு முன் ஒரு வண்டியோடு கிழக்கு வாயிலுக்குப் போனேன். அங்கிருந்து திரும்பி வர வேண்டிய ஷெஃபீல்டு வண்டி தாமதம். காத்திருந்தேன். கிழக்குப் பக்கம் வெயில். புல்லில் உட்கார்ந்து சனிக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் மேற்கே நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பா, ஆமோஸின் நெஞ்சில் போடக் கடுகுப் பத்துக்காக மேட்டுப் பண்ணைக்குப் போயிருந்தார். மான்செஸ்டர் வண்டி வந்து வாயிலில் நின்றது. டிரைவர் ஆக்டன், நல்ல மனிதர், பொறுமை மட்டும் கிடையாது. குகைக்காரரைக் காணோம் என்றால் அவர் கிழக்கே இருக்கிறார் என்றுதான் பொருள், காத்திருக்க வேண்டும். ஆக்டனும் காத்திருந்தார். ஆனால் ரொம்ப நேரம் ஆனதும் எங்கள் வீட்டைப் பார்த்து ஊதலை இழுத்துவிட்டுக் கத்தினார்:

"கார்ஸைடு வீட்ல எல்லாரும் தூக்கமா? இல்ல, ஷெஃபீல்டுக்காரன் எவனாவது மாப்பிள்ளை விருந்து வைக்கிறானா?"

கேலிக்குத்தான் சொன்னார். பெட்டிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஆமோஸின் காய்ச்சலுக்குள் போய்விட்டது. வண்டி நிற்கிறது, தான் தூங்கிவிட்டோம், கார்ஸைடு பேரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் — அவன் மூளையில் அது மட்டும்தான் இருந்திருக்கும். எழுந்தான். கையைப் பார்த்தான், பட்டை இல்லை. சுவரில் அப்பாவின் பட்டை தொங்கியது. அதைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போய் எஞ்சினில் ஏறினான்.

"வந்தாச்சா துரை?" என்றார் ஆக்டன்.

"போகலாம்" என்றான் ஆமோஸ்.

முகம் கார்ஸைடு முகம். கையில் சிவப்புப் பட்டை. ஆக்டனுக்கு வேறென்ன வேண்டும்? வண்டி உள்ளே போனது.

ஏறக்குறைய அதே நேரத்தில் கிழக்கே ஷெஃபீல்டு வண்டி வந்தது. டிரைவர் லட்லம், பருத்த உடம்பு, வாய் ஓயாது. நான் ஏறினேன். உள்ளே போனோம்.

கிழக்கிலிருந்து மேற்கே குகை முழுவதும் இறக்கம். லட்லம் நீராவியை மூடிவிட்டு வண்டியைத் தானாக உருளவிட்டார். அதனால் எங்கள் எஞ்சின் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சக்கரச் சத்தம் மட்டும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன்.

பாதி வழிக்கு மேல் போயிருப்போம். லட்லம் பேச்சை நிறுத்தினார்.

"ஆமோஸ், இந்தப் புகை யாரோடது?"

"காலையில போனதா இருக்கும்."

"இது சூடா இருக்குப்பா. நான் கரி போட்டே கால் மணி ஆச்சு." தலையை வெளியே நீட்டிக் கேட்டார். நானும் கேட்டேன். தூரத்தில் ஒரு எஞ்சின் மூச்சு வாங்கியது. ஏற்றத்தில் பாரம் இழுக்கிற மூச்சு. "நம்ம எஞ்சின் மூச்சே விடல. அப்ப அது யாரு?"

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஊதலை இழுத்துக் கட்டிவிட்டு எஞ்சினைப் பின்னோட்டத்துக்கு மாற்றினார். கரி அள்ளுபவர் பிரேக் சக்கரத்தில் தொங்கினார். பின்னால் கார்டும் பிரேக்கைப் போட்டார். ஈரத் தண்டவாளத்தில் சக்கரங்கள் சறுக்கின. எதிரே புகைக்குள் ஒரு மஞ்சள் விளக்கு தெரிந்து, பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்தப் பக்கமும் ஊதல் அலறியது.

நின்றபோது இரண்டு எஞ்சினுக்கும் இடையே ஒரு சவக்குழி நீளம்தான் இருந்தது.

 பிறகு பெட்டிகளுக்குள்ளிருந்து கதவைக் குத்தும் சத்தம் கேட்டது. பயணிகள் பாதி வழியில் இறங்கிவிடக் கூடாது என்று அப்போதெல்லாம் கதவுகளை வெளியிலிருந்து பூட்டுவார்கள். இரண்டு எஞ்சினின் புகையும் வெளியேற வழியில்லாமல் கூரையிலிருந்து எங்கள் தோளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"எவன்டா அது?" என்று புகைக்கு அந்தப் பக்கம் ஆக்டனின் குரல். "பட்டை இல்லாம உள்ள வந்த நாய் எவன்?"

"நாய் நீதான். பட்டைக்காரர் என் எஞ்சின்ல நிக்கிறார்" என்றார் லட்லம்.

"பொய் சொல்லாத. கார்ஸைடு என் பக்கத்துல நிக்கிறான்."

"பஞ்சு தின்னு உனக்குக் கண்ணும் பஞ்சாப் போச்சா? இந்தா பாரு." லட்லம் என் கையைப் பிடித்து எஞ்சின் விளக்குக்கு முன்னால் இழுத்து நிறுத்தினார்.

எதிர் விளக்குக்கு முன்னால் ஆமோஸ் வந்து நின்றான். சட்டைக்கு மேல் கோட்டில்லை. வியர்வை முகத்தில் புகைக் கரியோடு ஓடியது. கையில் அப்பாவின் பட்டை.

ஆக்டன் இருவரையும் பார்த்தார். "கர்த்தாவே" என்றார் மெதுவாக. "புகை தலைக்கேறிருச்சு. எனக்கு ரெண்டாத் தெரியுது."

"எனக்கும் ரெண்டுதான் தெரியுது" என்றார் லட்லம். "நான் காலையில டீ மட்டும்தான் குடிச்சேன்."

அவர்கள் இருவருக்கும் விஷயம் புரிய அதிக நேரம் பிடிக்கவில்லை. புரிந்ததும் கோபப்படக்கூட நேரமில்லை.

"நீ பின்னால போ" என்றார் லட்லம். "உனக்கு இறக்கம். பிரேக்க விட்டாப் போதும், தானா உருண்டு மேற்கு வாய்க்குப் போயிரும். நான் ஏத்தத்துல பின்னால தள்ளணும்னா இந்த ஈரத்துல சக்கரம் சுத்தும், வண்டி நகராது. அதுக்குள்ள பெட்டிக்குள்ள இருக்கிறதெல்லாம் கருவாடாயிரும்."

"எனக்குத் தெரியாதா? ஆனா குகைக்குள்ள பட்டைக்காரர் சொல்லாம நான் பின்னால ஒரு அடி வைக்க மாட்டேன். எனக்குப் பின்னால இன்னொரு வண்டி வருதா இல்லையான்னு எவன் கண்டான்? இன்னைக்கு நடக்கிறதப் பாத்தா மூணாவது கார்ஸைடு ஒண்ணு இருந்தாலும் இருக்கும்." ஆக்டன் ஆமோஸைப் பார்த்தார். "சொல்லு துரை. பின்னால போலாமா?"

"இல்ல" என்றான் ஆமோஸ். "கார்ஸைடு ஏறின வண்டி பின்னால போகாது."

எங்கள் பக்கம் ஏதோ ஒரு பெட்டியில் கண்ணாடி உடைந்தது. ஒரு பெண் விடாமல் இருமினாள்.  சிறுவயதில் விளக்கு அணைந்த இடம் அதே இடம் என்று மனம் சொல்லியது. ஓடலாம் போலிருந்தது. ஓட இடமில்லை, முன்னால் எஞ்சின், பின்னால் எஞ்சின், இரண்டு பக்கமும் கல். நான் தண்டவாளத்தில் இறங்கி ஆமோஸிடம் போனேன்.

அவன் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். "நான் அங்க நிக்கிறேன்" என்றான். "நான் எப்படி அங்க நிக்கிறேன்?"

வாக்குக் கொடுத்திருந்தேன். இருந்தாலும் அவன் காதில் சொன்னேன்: "அண்ணே, நான் டைட்டஸ்."

அவன் கண்ணில் ஒரு கணம் தெளிவு வந்தது. பார்வை என் கைக்குப் போயிற்று. "அது என் பட்டை."

"ஆமா."

"நான் படுத்திருக்கேன்னு தெரிஞ்சு என் இடத்துல ஏறிட்டியா? இதுக்குத்தான் வந்தியா?"

"எனக்கு இந்த இடம் வேணாம்ணே. சனிக்கிழமை எனக்குப் பலகை தராங்க. ஜன்னலோரம். அப்பா ஒரு நாள்னு சொன்னாரு."

"அப்பாவா?" அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "நான் ஒரு நாளும் வேலைக்கு வராம இருந்ததில்ல. அவங்க சிரிச்சாங்கடா."

"இனிமே சிரிக்க மாட்டாங்க." என் பட்டையை அவிழ்த்தேன். முடிச்சு அப்பா போட்டது. பல்லால் இழுத்துத்தான் அவிழ்க்க முடிந்தது. அதை அவனுடைய வலது கையில் கட்டினேன். இப்போது அவனுக்கு இரண்டு கையிலும் பட்டை. "பாரு, இப்ப குகையில ஒரே ஆள்தான் இருக்கான். ரெண்டு வண்டியும் உன்னோடது. உன் வண்டியோட கடைசிப் பெட்டிக்குப் போ. விளக்க எடுத்துக்கோ. அங்க நின்னு மேற்க பாத்துக்கிட்டுப் போ. நீ எங்க நிக்கிறியோ அதுதான் முன்பக்கம். மத்ததெல்லாம் உனக்குப் பின்னால வரும்."

அவன் யோசித்தான். அவ்வளவு காய்ச்சலிலும் அது விதிப்படிதானா என்று யோசித்தான், அவன் அப்படிப்பட்டவன். பிறகு ஆக்டனிடம் திரும்பி, "மேற்கே போறோம். நான் முன்னால நிக்கிறேன்" என்றான். விளக்கை வாங்கிக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு, தன் வண்டியின் வால்பக்கம் நடந்தான்.

லட்லம் என்னைக் கூப்பிட்டார். "ஏறுப்பா. உன் பேரு எதுவா இருந்தாலும் ஏறு."

"நான் வரல."

"என்னது?"

"வெளிய ஒரு கார்ஸைடுதான் இறங்கணும். ரெண்டு பேர் இறங்கினா அப்பா வீடும் போச்சு, பேரும் போச்சு."

லட்லம் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "உங்க வீட்ல எல்லாருக்கும் முதுகுல எலும்புக்குப் பதிலா தண்டவாளத்த வச்சுத் தச்சிருக்கானா ஆண்டவன்? வளையவே மாட்டீங்களா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குத் தண்ணி உடைச்சப்போ உங்க அப்பன் முட்டுக் கொடுத்துக் காப்பாத்தின ஏழு பேர்ல என் தம்பி ஒருத்தன். நான் ஒண்ணும் பாக்கல. ஆக்டா, நீ ஏதாவது பாத்தியா?"

"இந்தப் புகையில என்னத்தப் பாக்கிறது?" என்றார் ஆக்டன். தோண்டிய காலத்திலிருந்தே அங்கே ஒரு வழக்கம் உண்டு. குகைக்குள் பார்த்ததை வெயிலுக்குக் கொண்டுபோவதில்லை. அந்த நான்கு பேரும், கரி அள்ளுபவர்கள் உட்பட, சாகும்வரை அதைக் காப்பாற்றினார்கள்.

சுவரில் வேலையாள் ஒதுங்குவதற்கு ஆங்காங்கே மாடம் வெட்டியிருக்கும். ஒன்றுக்குள் போய் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். ஆக்டனின் வண்டி பிரேக்கை விட்டுப் பின்னோக்கி உருண்டது. லட்லத்தின் வண்டி அதன் பின்னாலேயே என்னைக் கடந்தது. பெட்டிகளின் எண்ணெய் விளக்கில் கண்ணாடியோடு ஒட்டிய முகங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசி விளக்கும் வளைவில் மறைந்தது.

நான் தனியாக நின்றேன். கையைக் கண் முன்னால் கொண்டுவந்தாலும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அந்த மாடத்தை விட்டு அசையாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு சமயம் நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் அதை எழுதுவதில் குறை ஒன்றும் இல்லை.

பிறகு யோசித்தேன். மேற்கே போனால் வீடு. கிழக்கே போனால் தூரம் அதிகம், ஆனால் ஷெஃபீல்டு. ஆமோஸ் வெளியே போய்விட்டான். பட்டை இரண்டும் அவனிடம். யாரும் என்னைத் தேட மாட்டார்கள். சுவரை இடது கையால் தடவிக்கொண்டு கிழக்கே நடந்தேன். தண்டவாளத்தோரக் கால்வாய்த் தண்ணீர் எதிரே ஓடி வந்து காலை நனைத்தது. ஒவ்வொரு மாடத்தையும் கை உணரும்போது, டோர்க்கஸின் வீட்டுப் படிக்கட்டை நினைத்துக்கொண்டேன். காற்று கொஞ்சம் தெளிந்தது. அந்த ஊசிமுனை தெரிந்தது.

அப்போது பின்னாலிருந்து ஊதல் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. குகைக்காரரைக் கூப்பிடும் ஊதல்.

நின்றேன். ஆமோஸ் இருக்கிறானே, ஏன் கூப்பிடுகிறார்கள்? மறுபடி அதே ஊதல். அந்த இழுப்பு ஆக்டனுடையது. ஆமோஸை அல்ல, உள்ளே இருக்கும் என்னைத்தான் அவர் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆமோஸ் இனி ஏற முடியாது. ஆக்டனின் வண்டி அங்கே நிற்கிறது. கார்ஸைடு வரும்வரை நிற்கும். அதற்குப் பின்னால் வருவதும் நிற்கும். இரண்டு ஊருக்கும் இடையே எல்லாம் நிற்கும். கடைசியில் யாராவது, கார்ஸைடு எங்கே என்று எழுதிக் கேட்பார்கள்.

மூன்றாம் தடவை ஊதியபோது ஊசிமுனைக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். கார்ஸைடு பின்னால் போனதில்லை என்பார் அப்பா. நான் போனேன்.

மேற்கு வாயில் நெருங்கும் இடத்தில், இருட்டுக்குள்ளேயே அப்பா எதிரே வந்தார். விளக்கு கொண்டுவரவில்லை, அவருக்கு எதற்கு விளக்கு? லட்லம் அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் மான்செஸ்டருக்குப் போயிருக்கிறார். என் காலடிச் சத்தம் கேட்டு நின்றார்.

"டைட்டஸா?"

"ஆமா."

"உன் அண்ணன் இறங்கி நாலு அடி நடந்தான். நிமிந்துதான் நடந்தான். அப்புறம் விழுந்துட்டான். உயிர் இருக்கு. வீட்ல போட்டிருக்கேன். நெஞ்சு போச்சு, இனிமே எழுந்திருக்க மாட்டான்."

 அவர் என் இடது கையைத் தேடிப் பிடித்தார். பட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்.

"ஒரு நாள்தான்னு சொன்னீங்க."

அவர் விரல்கள் கொஞ்சம் நின்றன. பிறகு முடிச்சை இறுக்கின.

"நாள் இன்னும் முடியலடா" என்றார்.

வெளியே வந்தோம். ஆக்டனின் வண்டி நின்றிருந்தது. பயணிகள் கதவு திறந்து இறங்கி, காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி பின்னால் வந்ததையும், குகைக்காரர் தள்ளாடி விழுந்ததையும், முதியவர் ஒருவர் அவரைக் குகை வாயில் பக்கம் தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்தவர்கள். இப்போது அதே ஆள், அதே முகம், கால் நனைந்து குகை வாயிலிருந்து நடந்து வருவதைப் பார்த்தார்கள். ஒரு பஞ்சாலை முதலாளி பெரிய தொப்பியோடு முன்னால் நின்றார்.

"என்னப்பா, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்தியா? தெளிஞ்சுதா?"

சிரித்தார்கள். அப்பா என் பக்கத்தில் நின்றார். அவர் தாடை இறுகியதைப் பார்த்தேன். "என் மகன் குடிக்க மாட்டான்" என்று சொல்ல அவருக்கு ஒரு வாய் போதும். சொன்னால், பிறகு ஏன் விழுந்தான், விழுந்தவன் எப்படி எழுந்தான், இவன் யார் என்று கேட்பார்கள். அப்பா நிமிர்ந்து நின்றபடியே ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆக்டன் மட்டும் தொப்பியைக் கழற்றினார். "ஏறுங்க கார்ஸைடு" என்றார். அதுவரை எங்கள் யாரையும் அவர் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

ஏறினேன். உள்ளே போனோம்.

சனிக்கிழமை வந்து போயிற்று. மூன்றாம் ஞாயிறு தேவாலயத்தில் என் பெயரை வாசிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். டோர்க்கஸ் ஒரு முறை வந்தாள். வாசலில் நின்று, "இது டைட்டஸா, ஆமோஸா?" என்று கேட்டாள். அப்பா எனக்குப் பின்னால் நின்றார். நான், "ஆமோஸ். டைட்டஸுக்கு உடம்பு சரியில்ல" என்றேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனாள். ஷெஃபீல்டிலிருந்து நோயாளியாக வந்த தம்பி டைட்டஸ் பின்னறையில் கிடக்கிறான் என்று ஊரில் நம்பினார்கள். ஆமோஸ் அந்த அறையில் சில குளிர்காலம் உயிரோடு இருந்தான். எஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம், "யாரு ஏறியிருக்கா?" என்பான். "கார்ஸைடு" என்பார் அப்பா. அவன் அதில் திருப்தியாகிவிடுவான்.

அவன் போனபோது கல்லில் என்ன பெயர் வெட்டுவது என்று அப்பா ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில், "ஈனாக் கார்ஸைடின் மகன்" என்று மட்டும் வெட்டச் சொன்னார். பொய்யான பெயரைக் கல்லில் போட அவருக்கு மனம் வரவில்லை. இப்போது அப்பாவும் இல்லை. இரண்டாவது குகை திறந்துவிட்டதால் குகைக்காரர் தேவையில்லை. கல் வீட்டைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்; கொடுத்துவிடுவேன். காப்பாற்ற வேண்டியதில் மிச்சம் ஒன்றுதான்.

நேற்றுக் கல்தச்சரை இடுகாட்டுக்குக் கூட்டிப்போனேன். காலியாக விட்ட இடத்தைக் காட்டி, "ஆமோஸ்னு வெட்டுங்க. கீழ, 'ஒரு நாளும் குடித்ததில்லை'ன்னு வெட்டுங்க" என்றேன்.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆமோஸ் நீங்கதானே? அப்ப நீங்க யாரு?"

என் பெயரைச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.